கதவைச் சாத்திவிட்டுக் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் இருமலைத் தவிர எல்லோரும் சுகம், நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

சிகிச்சைக்கு வருகிற பெண்கள் எல்லோரிடமும் வீட்டில் அடி உதை உண்டா என்று நர்ஸுகள் கேட்கவேண்டும் என உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து பழைய ஞாபகமாகவே வருகிறது. நீ என் வயிற்றில், உன் சித்தி மகன் அவள் வயிற்றில், அக்காள் தங்கை இருவரும் செக்கப்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்துகொண்டு, எவள் வயிறு பெரிது என்று சண்டை போட்டுச் சிரித்த நாட்கள் அவை. சித்தப்பா அவளை விட்டு நகரவே மாட்டார், கொடுத்துவைத்தவள் என்று நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒருநாள் புதிதாக வந்த நர்ஸ் அவர் எதிரிலேயே, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று அவளைக் கேட்டுவிட்டாள். சேச்சே என்றாள் சித்தி. அவகிட்ட என்னடி சொல்லி வச்ச என்று கேட்டு அன்றைக்கு வீட்டில் அவளுக்கு விழுந்த அடி எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அதோடு செக்கப்புக்கு அழைத்து வருவதையும் நிறுத்திவிட்டார்.

கடைசி மாதம் வேறு வழியில்லாமல் கூட்டி வந்தபோது குண்டு சிஸ்டர் இருந்தாள், அது நாங்கள் வைத்த பெயர். சித்தியின் சிறுநீர் பாட்டிலைச் சித்தப்பா கையில் கொடுத்து, லேப்ல நீங்களே குடுத்துட்டு ரசீதோட வாங்க சார் என்று வராந்தாவின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை முறுக்கோடு அவர் அந்தப் பாட்டிலை ஏந்திக்கொண்டு போனதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு அடங்காது. கதவைச் சாத்திவிட்டு, எல்லாரையும் கேக்குறதுதாம்மா, உன்னையும் கேக்குறேன் என்றாளாம். சித்தி அன்றும் இல்லை என்றுதான் சொன்னாள். சிஸ்டர் துருவவில்லை. அடுத்த வாரமும் பாட்டில் லேபுக்குப் போயிற்று, அடுத்த வாரமும் கேட்டாள், அப்போதுதான் இவள் உடைந்து அழுதாள். அங்கிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. அதனால் நீயும் கூச்சப்படாமல் கேள், ஆனால் கூட வந்தவரை வெளியே அனுப்பாமல் கேட்காதே.

இன்னொன்று. நான் போன் செய்யும்போதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். பாசம் என்றுதான் நினைக்கிறேன், சித்தப்பாவையும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் உன் அண்ணியிடம், உன் அண்ணன் அடிப்பானா என்று கேட்டேன், உங்க பிள்ளை கொசுவைக்கூட அடிக்க மாட்டாரு அத்தை, அதையும் நான்தான் அடிக்கணும் என்று சிரித்தாள். இப்போது உன்னைக் கேட்கிறேன். வீட்டில் உன்னை யாராவது கஷ்டப்படுத்துகிறார்களா? இல்லையென்றால் அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்துக்கொள். இல்லை என்று சொன்னாலும் அடுத்த மாதமும் கேட்பேன்.

நீ மட்டும் படிக்கவேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. அங்கிருந்தே எனக்கு ஒரு போன் போடு. வேளைக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது வாழவேண்டும், என் தங்கமே. உன் அறை அப்படியே இருக்கிறது, மெத்தையை நேற்று வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா