பனி வாரும் மெஷினுக்குப் பின்னால் இருந்த கேன்

அன்புள்ள மகன் டெரிக்குக்கு,

நானும் உன் தங்கை மார்னியும் கர்த்தர் தயவில் இருக்கிறோம், ஏரிக்காற்று இன்னும் கூரையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அலாஸ்காக் கடலில் நீயும் உன் கப்பல்காரர்களும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், உன்மேல் கோபம் வந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. நான் சொல்லச் சொல்ல மார்னி எழுதுகிறாள். என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நீ பயப்படுவாய் என்று போனில் சொல்லவில்லை. கார் நின்றுபோனதிலிருந்து முதியோர் இல்லத்துக்கு நடந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், தபால் நிலையச் சரிவில் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது, விழுந்துவிட்டேன். இப்போது வலி இல்லை. மார்னி சமைக்கிறாள், அவள் கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியை நாய்கூட யோசித்துத்தான் தின்றது. இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுதடி என்றேன்.

சொல்ல வந்தது கார் விஷயம். போனில் பேசினால் நீ பேச்சை மீன் பக்கம் திருப்பிவிடுவாய், அதனால் கடிதம். அக்டோபரில் பக்கத்து வீட்டு ஆர்விட் நம் காரின் கியர் ஆயிலை மாற்றிக் கொடுத்தார், உனக்குத் தெரியும். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வந்த நீ, மறுநாள் காலை எழுந்ததும் என்ஜின் ஆயில் மாற்றித் தருகிறேன், இது என் பரிசு என்று சொல்லிக் காருக்கு அடியில் போய்ப் படுத்தாய். பிள்ளை குளிரில் கிடக்கிறானே என்று நான் காபி கொண்டுவந்தேன். நீ கராஜ் கதவைப் பாதிதான் திறந்து, வெளியிலேயே வாங்கிக்கொண்டாய். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கார் மேட்டில் ஏறத் திணறியது, கியர் மாறும்போதெல்லாம் உதைத்தது, ஜனவரியில் ஒரு நாள் நடுரோட்டில் நின்றேவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த கியர்பாக்ஸுக்கு ஆகாத ஆயிலை யாரோ ஊத்தியிருக்காங்கம்மா, உள்ள எல்லாம் வெந்துபோச்சு" என்றார். கியர் ஆயிலைத் தொட்டது ஆர்விட் ஒருவர்தானே. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்த இடத்தில், "தெரியாத வேலையில எதுக்கு ஆர்விட் கை வச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "நான் சரியான ஆயிலத்தான் ஊத்துனேன், லோர்னா" என்றார். கோப்பையைக் கழுவி வைத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் எழுவதற்குள் நம் வாசல் பனியை அவர்தான் தள்ளி வைக்கிறார், ஆனால் காபிக்கு உள்ளே வருவதில்லை.

போன வாரம் கராஜை ஒழித்தோம். பனி வாரும் மெஷினுக்குப் பின்னால், கறுப்புப் பையில் சுற்றி முடிச்சுப் போட்டு ஒரு கேன் இருந்தது. பழைய ஆயில்தானே, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிக்கொள்வார்களே என்று மார்னியும் நானும் அவள் சிநேகிதி வண்டியில் கொண்டுபோனோம். கடைப் பெண் மூடியைத் திறந்து புனலில் சாய்த்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "ஏங்கக்கா, இது என்ஜின் ஆயில் இல்ல, கியர் ஆயில். செக்கச்செவேல்னு புதுசா இருக்கு, அருமையான சரக்கு. இத எதுக்கு இறக்குனீங்க?" என்று கேட்டாள். நம் கார் எது என்று கேட்டுவிட்டு, அந்த மாதிரி வண்டியில் அடியில் இரண்டு போல்ட் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்று என்ஜினுக்கு, ஒன்று கியருக்கு, வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கழற்றிவிடுவார்கள், அடிக்கடி நடக்கிறதுதான் என்றும் சொன்னாள். பையின் அடியில் உன் அப்பா டிராக்டருக்கு வாங்கி வைத்திருந்த ஆயில் டப்பா, காலியாக.

டெரிக், போல்ட்டை மாற்றிக் கழற்றினதுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சிவப்பாக ஒழுகினதைப் பார்த்ததும் உள்ளே ஓடிவந்து, அம்மா தப்புப் பண்ணிட்டேன் என்றிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம், ஆர்விட் வந்து அரை மணியில் சரிசெய்திருப்பார். நீ கையில் கிடைத்த டிராக்டர் ஆயிலை ஊற்றினாய், பையைச் சுற்றினாய், முடிச்சுப் போட்டாய். அப்புறம் ஒவ்வொரு போனிலும், "கார் நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டாய். என் பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று இல்லத்தில் எல்லாக் கிழவிகளிடமும் சொல்லிப் பூரித்தேன். கார் போய்விட்டது, ஆர்விட் ஊற்றிய ஆயில்தான் காரணம் என்று நான் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "அந்தாளுக்கு வயசாயிடுச்சும்மா, இனிமே வண்டிய அவர்கிட்ட குடுக்காதே." மார்னி எழுதிய இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கை உடைந்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

ஆர்விட் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு முதலிலேயே தெரியும். நீ காருக்கு அடியிலிருந்து பதறி எழுந்து கராஜ் கதவைச் சாத்தியதை அவர் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "பெத்தவகிட்ட போய்ப் புள்ளையப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? அவனே சொல்லுவான்னு பாத்தேன்" என்றார். இந்த ஞாயிறு அதே காபி மேசையில் நின்று, காரைக் கெடுத்தது ஆர்விட் இல்லை, நான் அநியாயமாகப் பேசிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்போ யாரு என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். நான் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவன் நீ. முதலில் ஆர்விட்டைக் கூப்பிட்டுப் பேசு. அதற்கு முன் இங்கே போன் அடித்தால் நான் எடுக்க மாட்டேன், மார்னியையும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்.

கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு தூங்காதே. கர்த்தர் உன்னை அலையிலிருந்து காக்கட்டும், வாயைத் திறக்கிற தைரியத்தையும் தரட்டும். ஆர்விட் மதியம் படுத்துவிடுவார், காலையில் கூப்பிடு.

இடது கையால் கையெழுத்திடும் உன் அம்மா,
லோர்னா