ஐந்தாவது கருத்து

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு, உன்மேல் கோபமாக இருக்கிற நாளிலும் அதுதான், இன்றைக்கும் அதுதான். தம்பிக்கு வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, சொன்னால் முறைக்கிறான். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் "இதோ வர்றேம்மா" என்று சொல்லி இருபது நாள் ஆகிறது, அவருக்கு என் முழங்கால் தேவலை, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வலிக்கிறது. குட்டிக்கு இருமல் என்றாயே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் பேசுவாய், இல்லாவிட்டால் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நிற்க. எங்கள் வாசகர் வட்டம் உனக்குத் தெரியும், "வேலை வெட்டி இல்லாத கூட்டம்" என்று நீயே கேலி செய்திருக்கிறாய். ஐந்து பேர், ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு ஒரு வாரம் படித்து, பின்னட்டையில் குத்தியிருக்கும் தாளில் பென்சிலால் கருத்து எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில், சொத்தைப் பல் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசி, கருத்துகளைச் சேர்த்து எழுத்தாளருக்கே ஒரு கடிதம் போடுவோம். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய கை என்பதால் அந்தக் கடிதம் என் தலையில்தான் விழும். ஐந்து கருத்தும் சேராமல் கடிதமும் போகாது, புத்தகமும் அலமாரி ஏறாது, அது எங்கள் சட்டம். பேய்க்கதை, பயணக் கட்டுரை, தோட்டக்கலை, சமையல் என்று நாங்கள் எதையும் விட்டுவைத்ததில்லை, ஆனால் ஆளாளுக்கு ஒரு கிறுக்கு. ரிட்டையரான கண்டக்டருக்குத் துப்பறியும் கதை மட்டும்தான் புத்தகம், சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டு "மூணாம் பக்கத்துல நறுக்கின வெங்காயம் அப்புறம் எங்க போச்சுன்னே தெரியல" என்று எழுதிய மனுஷன். தையல்காரம்மாவுக்குப் பேய் வர வேண்டும். கணக்கு வாத்தியாருக்குக் கவிதை. டாக்டரம்மாவுக்கு வாழ்க்கையில் முன்னேற வழி.

இந்த முறை டாக்டரம்மா ஒரு நாவல் கொண்டுவந்தார், புது எழுத்தாளர் என்றார். என் முறை கடைசி. மூன்றாம் பக்கத்திலேயே மழையில் நனைந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் அவள் அம்மா, "முதல்ல தலையத் துவட்டு, அப்புறம் அழு" என்கிறாள். அது நான் உன்னிடம் சொன்ன வார்த்தை. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தேன், உன் அப்பா உன்னைக் கொஞ்சிக் கூப்பிட்ட பெயர். ஏண்டி, ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன் என்று பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? நாலு பேர் கை மாறி, யாரோ சிந்திய டீக் கறையோடு கடைசியாகத்தான் எனக்கு வந்து சேர வேண்டுமா?

எண்பத்து நான்காம் பக்கத்தையும் படித்தேன். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை அம்மாக்காரி அரிசி டப்பாவில் ஒளித்துவைத்து, சேரும் தேதி போன பிறகு மாட்டிக்கொள்கிறாள், பாவம் அந்த அப்பா மூலையில் நின்று சத்தமில்லாமல் அழுகிறார். அரிசி டப்பாவாம்! மாசம் இரண்டு தடவை கொட்டிக் கழுவுகிற டப்பாவில் எந்த மடச்சி ஒளித்துவைப்பாள்? அதற்குப் பிறகு பின்னட்டைத் தாளைப் பார்த்தேன். தையல்காரம்மா, "பேயே வரல, ஆனா அந்த அம்மா வர்ற எடத்துல எல்லாம் கை கால் சில்லிட்டுப் போச்சு" என்று எழுதியிருந்தாள். டாக்டரம்மா, இப்படிப்பட்ட தாயைச் சமாளிக்கக் கடைசி அத்தியாயத்தில் பத்து வழிகள் கொடுத்திருக்கலாம் என்று. வாத்தியார், அப்பா அழுகிற பத்தி கவிதை, அம்மா வாயைத் திறந்தால் வெறும் உரைநடை என்று. கண்டக்டர் மட்டும் வழக்கம்போலக் குடைந்திருந்தார். "அப்பாவுக்குத் தபால் பிரிக்கிற ரூம்ல வேலைன்னு பத்தாம் பக்கத்துல வருது. அப்ப அந்தக் கவர் அவர் கண்ணுல படாம அம்மா கைக்கு எப்படிப் போச்சு? எழுத்தாளர் இத யோசிக்கவே இல்ல."

அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் கேட்டதை நீ பதினாறு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டாயா? நம் வீட்டுக்கு வந்த ஒரு துண்டுக் காகிதமும் தபால் பிரிக்கிற உன் அப்பா கை படாமல் வந்ததில்லை. உன் கவரை அவருடைய சாப்பாட்டுப் பையின் அடி அட்டைக்குக் கீழே, பையைத் துவைக்க எடுத்தபோது பார்த்தேன். தேதி போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. "குடுத்தா போயிடுவாளேன்னு வெச்சுட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். கொடுத்துத் தொலைங்க, போய்க் கெஞ்சினால் இன்னமும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் நீ உள்ளே வந்தாய், கவர் என் கையில் இருந்தது. ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டாய். நான் அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். "ஆமா, நான்தான், இப்ப என்ன" என்று சொல்லிவிட்டேன். நாளைக்குச் சொல்லிடறேன், நாளைக்குச் சொல்லிடறேன் என்றே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். போன மனுஷன் என்று பார்க்காமல் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கவர் கிடைத்த மறு வருஷமே நீ படிக்கப் போனாய், என்னோடு பேச்சு நான்கு வார்த்தையாகச் சுருங்கியது, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு அவராவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு நீ புத்தகம் போட்டு எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இன்னும் முடிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு நோட்டோடு உட்கார்ந்தேன். தையல்காரம்மா என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, "இப்படி ஒரு பொம்பள நம்ம தெருவுல இருந்தா நான் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்கா" என்று என் தொடையைத் தட்டினாள். நான் தலையை ஆட்டினேன். கண்டக்டர் கேள்வியை அடித்துவிடுங்கள், நல்ல நாவலில் போய் நொள்ளை கண்டுபிடிக்கிறார் என்று மற்ற மூன்று பேரும் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போய்ப் படியிறங்கினார். பின்னாலேயே போய், நீங்கள் கேட்டது சரிதான் சார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பதிப்பகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள், உன் விலாசம்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே. ஒன்று முதல் நான்கு வரை ஒரு புள்ளி மாற்றாமல் எழுதியிருக்கிறேன், கண்டக்டர் கேள்வியையும் அடிக்கவில்லை. ஐந்து என்று எண் போட்டு இடம் விட்டிருக்கிறேன். அது என் இடம், ஆனால் நான் எழுத மாட்டேன். நீ எழுதி அனுப்பு. நீ என்ன எழுதினாலும், அதே காத்திருப்பு அறையில், அதே நாலு பேருக்கு முன்னால், நானே வாய்விட்டு வாசிக்கிறேன். அதுவரைக்கும் புத்தகம் நம் வீட்டு மேஜையில்தான் கிடக்கும், தம்பி கேட்டால் லைப்ரரி புத்தகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். எழுத்து உனக்கு நன்றாக வருகிறது, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்து அழாதே. முதலில் தலையைத் துவட்டு.

இப்படிக்கு,
எண்பத்து நான்காம் பக்கத்து அம்மா