நம் வீதிக்கு வந்த தார்

அக்கா,

இன்று காலையில் கடை திறந்தபோது தார் வாசம் வந்தது. மெயின் ரோட்டில் எங்கோ வேலை நடக்கிறது போல. மாவு வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்தால் வாசலிலேயே நின்று, "என்ன அம்மணி, முடியலையா?" என்று கேட்டிருப்பீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீங்கள் கவுன்சிலரானபோது வார்டில் ஒரு வீதியும் உருப்படியாக இல்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். மழை வந்தால் ஸ்கூட்டர் பாதி புதைந்துவிடும். எந்த வீதிக்கு முதலில் ரோடு என்பதில் அடிதடி வராத குறை. நீங்கள் வீதிக்கு ஒரு பெண்ணைக் கூப்பிட்டு மண்டபத்தில் உட்கார வைத்தீர்கள். வீதிகளின் பேரைச் சீட்டுகளில் எழுதி, என் கடையிலிருந்து வாங்கி வந்த மாவுப் போசிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினீர்கள். எடுத்த வரிசைப்படிதான் வேலை, அதற்குப் பிறகு யாரும் சிபாரிசு பேசக்கூடாது. ஆனால் நம் வீதியின் சீட்டை மட்டும் குலுக்குவதற்கு முன்பே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கவுன்சிலர் வீதியில் குடியிருப்பது ஒரு குற்றமா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "நம்ம வீதி கடைசியா இருக்கட்டும் அம்மணி. அப்பத்தான் மத்த வீதிக்காரங்க மூஞ்சியப் பாத்து நான் பேச முடியும்."

அதிகாரிகளை நீங்கள் திட்டி நான் பார்த்ததில்லை. "ஏனுங்க சார், ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்களேன்" என்று மரியாதையாகவே உயிரை எடுப்பீர்கள். உங்கள் மரியாதை தாங்காமலே எஞ்சினியர் வந்து நிற்பார். ஒவ்வொரு வீதியாக ரோடு வந்தது, தெருவிளக்கு வந்தது, கடைசி வீட்டுக்கும் நல்ல தண்ணி ஏறியது. நம் வீதியில் மட்டும் நீங்களே வண்டியோடு விழுந்து, சேலையில் சேற்றைத் துடைத்துக்கொண்டு மாமன்றக் கூட்டத்துக்குப் போனீர்கள். கடைசி வீதி மகாராணி என்று கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அடுத்தது பள்ளத்து வீதியின் முறை. அந்தச் சீட்டை எடுத்தது மில்லுக்குப் போகிற எஸ்தர். தாழ்வான வீதி, சாக்கடைத் தண்ணீர் வாசலிலேயே நிற்கும். வேலைக்கு எல்லாம் தயார், ஜல்லி கூட வந்து குவிந்துவிட்டது. அன்று காலையில்தான் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தும் பிரயோஜனம் இல்லை.

மதியம் உங்களைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். எஞ்சினியர் வந்தார். மறுநாள் அஞ்சலி செலுத்தப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், கார் நம் வீதிக்குள் வர வேண்டும், மண் கொட்டி நிரவிவிட்டால் போதுமா என்று கேட்டார். எல்லா வேலையையும் நான்தான் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்ததால் என்னிடம் கேட்டார். என் கையில் உங்களுக்கு வந்த மாலை இருந்தது.

"மண்ணுல கார் சிக்கிக்கிச்சுன்னா உங்களுக்குத்தானுங்க கெட்ட பேரு. தாரே போட்டுருங்க."

இருக்கிற லோடு பள்ளத்து வீதிக்கு வைத்தது என்று அவர் தயங்கினார். அவர்களுக்கு அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தேன். அந்த அழுகை பொய்யில்லை அக்கா. அதே வாயில் இது எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பொழுது சாய்வதற்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட்டார்கள். மறுநாள் உங்களை ஏற்றிய வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் போனது. அழுதுகொண்டே அதைக் கவனித்தேன். அப்போது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. எஞ்சினியர் மாற்றலாகிப் போனார். வார்டுக்கு இன்னும் வேறு கவுன்சிலர் இல்லை. ஜல்லியை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே என் கடைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது, பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். போகிற போதும் அக்கா நமக்கு ரோடு கொடுத்துவிட்டுப் போனார் என்று நம் வீதியில் பேசிக்கொள்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ராத்திரி படுத்தால் உறுத்துகிறது, காலையில் கடைக்கு நடந்து வரும்போது ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் உண்மை.

நேற்று எஸ்தர் வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. பள்ளத்து வீதிப் பெண்கள் எல்லாரும் நாளை மண்டல அலுவலகத்துக்குப் போகிறார்களாம். அக்காவோடு இருந்தவள் என்று என்னை முன்னால் நின்று பேசச் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாவை அள்ளிக்கொண்டே, பள்ளத்து வீதிக்கு வைத்த தாரை இங்கே போட்டுவிட்டார்களே, கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"எங்களுக்குத் தெரியாமயா போட்டாங்க? லோடு திரும்புனப்ப நாங்க எல்லாரும் வீதி முக்குலதானுங்க நின்னோம். மறிச்சிருக்கலாம். தனக்குன்னு ஒரு சீட்டுக்கூடப் போட்டுக்காதவங்க, கடைசியாப் போறப்பவாச்சும் நல்ல ரோட்டுல போகட்டும்னு உட்டுட்டோமுங்க."

மாவுக்குக் காசு வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனார்.

நாளை அவர்களோடு போகிறேன். நீங்கள் கேட்கிற மாதிரியே மரியாதையாகக் கேட்பேன், ரோடு வருகிற வரைக்கும் வாரம் தவறாமல் போய் நிற்பேன். அன்று தாரைக் கேட்டு வாங்கியது நான்தான் என்று மட்டும் எஸ்தரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் உங்களுக்காக விட்டுக்கொடுத்ததை நான் எனக்கு வாங்கிக்கொண்டேன் அக்கா. தினமும் அதன்மேல்தான் நடக்கிறேன்.