சுவரோரம் போன பாலிஷ் செக்‌ஷன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கோம், நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிர்ல நெஞ்சை மூடிக்கிட்டு நல்லபடியா இருந்தா அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கறப்ப எதுக்கு லெட்டர்னு நினைப்பே. போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துலயே உக்காந்துக்கறாரு, நான் குரலைத் தாழ்த்தினா என்ன ஏதுன்னு கேக்கறாரு. அதான் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் மேஜையில உக்காந்து எழுதறேன். யாருக்கும் ஒண்ணும் ஆயிடல, பதறாம படி.

உன் அத்தை என்கிட்ட பேசறதில்லை. மாடியிலிருந்து இறங்கினா நம்ம வாசலைத் தாண்டித்தானே போகணும், செருப்புச் சத்தம் கேக்குது, நிக்காம போயிடுது. ஏன்னு கேட்டா நம்ம ஃபேக்டரியிலிருந்துதான் ஆரம்பிக்கணும். வார்ப்புல இருந்து தண்ணிக் குழாய் கடையறதுக்கு லேத்துக்குப் போகும், லேத்துல இருந்து பாலிஷ், அங்கிருந்து முலாம் போடற இடம், அப்புறம் உள்பாகமெல்லாம் மாட்டி, தண்ணி விட்டுப் பாத்து, பேக்கிங். சொல்லும்போது ஒழுங்காத்தான் இருக்கு, ஆனா புது மெஷின் வந்தப்பல்லாம் எங்க காலியா இருந்துச்சோ அங்க இறக்கி வச்சுட்டாங்க, அதனால ஒரு குழாய் வெளிய போறதுக்குள்ள ஷெட்டையே வலம் வந்துடும். ரெண்டு தள்ளுவண்டி எதிரெதிரா வந்துட்டா ஒருத்தர் பின்னாலயே நடந்து வழி விடணும். இதைச் சரி பண்ணணும்னு மேனேஜர் ஒரு இஞ்சினியர் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. உன்னை விடச் சின்னவ, பெரிய கண்ணாடி போட்டிருப்பா, அதனால எல்லாரும் கண்ணாடின்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, அவளும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பா. எந்த செக்‌ஷன்லேந்து எதுக்கு எத்தனை வண்டி போகுதுங்கற விவரமெல்லாம் எங்க ப்ளானிங்லதானே இருக்கு, அதனால என்னையும் அவளோட உக்கார வச்சாங்க.

அவ செய்யற வேலை பாக்க வேடிக்கையா இருக்கும் கண்ணு. ஷெட்டைக் கட்டம் கட்டமா கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு நிறம் குடுத்துட்டா. கம்ப்யூட்டர் ரெண்டு செக்‌ஷனை இடம் மாத்திப் பாக்கும், வண்டிங்க போற தூரத்தை எல்லாம் கூட்டும், குறைஞ்சா அப்படியே விடும், கூடினா பழைய இடத்துக்கே கொண்டு வந்துடும், மறுபடி வேற ரெண்டு. சில சமயம் தூரம் கூடினாலும் வேணும்னே விட்டு வைக்கும். ஏம்மா அப்படின்னு கேட்டேன், கிடைச்ச முதல் நல்ல இடத்துலயே பிடிவாதமா உக்காந்துட்டா அதை விட நல்லது கண்ணுல படாதே ஆன்ட்டி, அதுக்காகக் கொஞ்சம் நஷ்டப்பட்டுத் தேடுதுன்னா. எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முடிவு வந்தப்ப வண்டி நடக்கற தூரம் பாதிக்கும் கீழ இறங்கியிருந்துச்சு. அவ கையைத் தட்டினா. நான் உங்கப்பா வேலை பாக்கற பாலிஷோட மஞ்சள் கட்டத்தைத் தேடினேன். அது ஷெட்டுக்கு நட்ட நடுவுல இருந்துச்சு, லேத்துக்கும் முலாமுக்கும் இடையில. வண்டிக்கு அதுதான் சரி. ஆனா அங்க ஜன்னலும் கிடையாது, தூசியை இழுத்து வெளிய தள்ள மின்விசிறி வைக்கச் சுவரும் கிடையாது.

உங்கப்பா இருமல் உனக்குத் தெரியும், தெரியாதது என்னன்னா போன மழைக்கப்புறம் அது போகவே இல்லை. அத்தை வீட்டுக்கு ஏறும்போது மாடிப்படி பாதியில நின்னு சுவத்துல இருக்கற விரிசலைப் பாக்கற மாதிரி நடிக்கறாரு. இதை உனக்குச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்காத குறை. அந்த மஞ்சள் கட்டத்தைப் பாத்ததுல இருந்து எனக்கு அதே யோசனைதான். பேசினா புருஷனுக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க, பேசாம இருந்தா அந்த நடுவுல போய் அவர் நிக்கறதை தினமும் பாக்கணும். கடைசியில மேனேஜர் ரூமுக்குப் போய், பாலிஷை வெளிச்சுவர் ஓரமாத்தான் வைக்கணும், தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லைன்னு சொல்லிட்டேன். அவர் பேனாவை மூடி வச்சுட்டு, உங்க வீட்டுக்காரர் அங்க இருக்கறதால கேக்கறீங்களான்னு கேட்டாரு. “ஆமா சார். அவர் அங்க இல்லேன்னா எனக்கு இது தோணியிருக்குமான்னே தெரியல. ஆனா தோணிடுச்சு, அங்க நிக்கற எல்லாரும் அதே தூசியைத்தான் சுவாசிக்கறாங்க”ன்னேன். மேனேஜர் பேனாவைத் திரும்ப எடுத்துக்கிட்டு, போட்டுப் பாருங்க, ஆனா முடிவாகற வரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது, போச்சுன்னா ஒவ்வொரு செக்‌ஷனும் என் வாசல்ல வந்து நிக்கும்னாரு.

கண்ணாடி பாலிஷை மேற்குச் சுவரோட ஆணி அடிச்ச மாதிரி நிறுத்தி வச்சுட்டு மத்ததை எல்லாம் கலைச்சு ஆட விட்டா. தூரம் கொஞ்சம்தான் கூடிச்சு. நான் பெருமூச்சு விட்டு முடிக்கல, பேக்கிங் எங்கன்னு பாத்தேன். அது ஷெட்டை விட்டே போயிடுச்சு, முற்றத்தைத் தாண்டிப் பின்னால இருக்கற பழைய குடோனுக்கு. உன் அத்தை நிக்கற இடம். மறுபடி ஓட விடச் சொன்னேன், அவளும் முகம் சுளிக்காம விட்டா, ஒவ்வொரு தடவையும் பேக்கிங் அங்கேயே போய் நின்னுச்சு. லாரி வர்றது அந்தப் பக்கம், அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கேண்டீன், பாத்ரூம் எல்லாம் இந்தப் பக்கம்ல.

அன்னிக்குச் சாயந்திரம் அத்தை எப்பவும் போல இறங்கி வந்து எங்களோட சாப்பிட்டா. புதுசா மாத்தறாங்களாமே அண்ணி, பேக்கிங்கைக் கொஞ்சம் முன்னால கொண்டு வந்தா என் முழங்காலுக்கு நல்லதுன்னா. நான் தண்ணி எடுத்துட்டு வரேன்னு எழுந்து போயிட்டேன். அப்புறம் ஃபேக்டரி நோட்டீஸ் போர்டுல புது ஏற்பாட்டுப் படம் ஒட்டற வரைக்கும் அவ முகத்தைப் பாத்துப் பேசவே எனக்கு வரல. ஒட்டின அன்னிக்கு வீட்டு வாசல்ல நின்னா, உள்ள வரல. “எங்கண்ணனுக்கு மூச்சு நல்லா வரும்னா நான் மழையில நடப்பேன் அண்ணி. என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நானே சரின்னிருப்பேன். போர்டைப் பாத்துத் தெரிஞ்சுக்க வச்சுட்டீங்களே”ன்னா. மேனேஜர் சொல்லக்கூடாதுன்னாரும்மான்னேன். அதை அவ காதுலயே போட்டுக்கல, மேல போயிட்டா. அதுல இருந்து இப்படித்தான்.

உங்கப்பாவும் சும்மா இல்லை. வீட்டுல சொல்லி ஜன்னல் வாங்கிட்டாருன்னு கேண்டீன்ல யாரோ கேலி பண்ணியிருக்காங்க, உன்னை யாரு எனக்காகப் போய் நிக்கச் சொன்னதுன்னு என்மேல பாஞ்சாரு. தங்கச்சியை வெளிய தள்ளிட்டு நான் காத்து வாங்கணுமான்னு கேட்டாரு. விடுமுறையில மெஷினெல்லாம் நகத்தி, சுவத்தைத் துளைச்சு மின்விசிறி மாட்டினாங்க. திறந்த அன்னிக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்த உங்கப்பா, கையைக் கூடக் கழுவாம, இத்தனை வருஷமா குழாயைக் கீறலோட அனுப்பியிருக்கேன் போலிருக்கு, ஜன்னல் வெளிச்சத்துல எல்லாம் தெரியுதுன்னாரு. இப்ப ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் தேய்க்கறாராம், லைன் மெதுவாகுதுன்னு சூப்பர்வைசர் புலம்பறாரு. கண்ணாடிகிட்ட நான் இதைச் சொன்னப்ப, அதை நாங்க கணக்குல சேக்கலையேன்னு தலையில கை வச்சுக்கிட்டா. சிரிச்சோம்தான்.

மழையையும் கணக்குல சேக்கல கண்ணு. போன வாரம் பேக்கிங் பொண்ணுங்க அட்டைப்பெட்டியைத் தலைக்குப் பிடிச்சுக்கிட்டு முற்றத்தைக் கடந்தாங்க, உன் அத்தை கடைசியா, கைப்பிடி எதுவும் இல்லாம, பாத்துப் பாத்துக் காலை வச்சு. நான் மேல ஆபீஸ் ஜன்னல்ல நின்னு அவ இந்தக் கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். உடனே மேனேஜர்கிட்ட போனேன், நடுவுல கூரை போட்டுத் தரணும், பாத்ரூம் அந்தப் பக்கமே கட்டணும்னேன். இந்தத் தடவை யாருக்காகன்னு கேட்டாரு. நாத்தனாருக்காகன்னேன். கூரைக்குத் தூண் நட்டாச்சு, தகடு இன்னும் வரல, தினமும் வானத்தைப் பாத்துக்கிட்டே வேலைக்கு வர்றேன். பாத்ரூம் பத்திப் பாக்கலாம்னு மட்டும் சொல்லியிருக்காரு, நானும் விடறதா இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சை ஸ்கேன் எடுத்தாச்சு, ரிசல்ட் வர்ற வாரம் வரும். இருமல் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, உண்மையாவே குறைஞ்சுதா, எனக்காக அடக்கிக்கறாரான்னு தெரியல. வந்ததும் எதையும் மறைக்காம உனக்குச் சொல்றேன். அதுக்காக லீவு கேட்டு அலையாதே, வேலையை ஒழுங்காப் பாரு. அங்க தரையெல்லாம் ஈரமா இருக்கும்னு சொன்னியே, வழுக்காத செருப்பு வாங்கிக்க.

நோய் நொடி அண்டாம, நல்ல மனுஷங்க நடுவுல நீ நூறு வருஷம் இருக்கணும். ஒண்ணு மட்டும் மறக்காதே. இந்த ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் போன் பண்ணாதே, அந்த நேரத்துல அத்தைக்குப் பண்ணு. எனக்காகப் பரிஞ்சு எதுவும் பேச வேண்டாம், நான் எழுதினதையும் சொல்ல வேண்டாம், முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டு அவ சொல்றதை எல்லாம் கேட்டுக்க. அவ சிரிச்சா கீழ வரைக்கும் கேக்கும், எனக்கு அது போதும்.

உன் நினைப்பாவே இருக்கற
அம்மா