கறுப்பு மண் கொட்டிய வாசல்

சத்தியவேடு,
3.6.2024

அன்புள்ள நந்திதா,

நலமா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மார்ச்சில் உன் சுகாதாரத்துறை ஆபீஸ் ஆட்களோடு வந்து, மூடிப்போன பேட்டரி கம்பெனியைச் சுற்றியுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தாயே, முடிவு வந்ததா? என் ரக்ஷிதாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தவள், இப்போது ஒவ்வொரு சொல்லாக மறக்கிறாள். “வயிறு நோவுதும்மா” என்று சுருண்டு படுக்கிறாள். ஒரே பெஞ்சில் படித்தவள் நீ. வேறு யாரைக் கேட்பேன்?

உன் யமுனா

திருப்பதி,
10.6.2024

அன்பு யமுனா,

கோபித்துக்கொள்ளாதே. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அறிக்கையில் மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதையும் சொல்லலாம். அதுவரை குழந்தையின் கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவு. வாசலில் விளையாட விடாதே. அவளுக்கு என் முத்தம்.

நந்திதா

திருப்பதி ஆஸ்பத்திரி,
17.6.2024

நந்திதா,

வாசலில் ஏன் விடக்கூடாது? கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த கறுப்பு மண்ணைக் கொட்டித்தானே என் வீட்டுக்காரர் வாசலை மேடாக்கினார். அதிலா விஷம் இருக்கிறது? நேற்று அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. இங்கே சேர்த்துவிட்டு உன் ஆபீசுக்கு ஓடினேன். “மேடம் லேரம்மா, இங்க இல்ல, ஃபீல்டுக்குப் போயிருக்காங்க” என்றார் வாட்ச்மேன். உன் ஸ்கூட்டி உள்ளேதான் நின்றது. டாக்டர்கள் காரணம் தெரியாமல் தவிக்கிறார்கள். மறுபடி வந்து இதை அந்த வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். உன் காலில் விழுகிறேன், எதுவானாலும் சொல்லுடி.

யமுனா

திருப்பதி,
17.6.2024

யமுனா,

ரக்ஷிதாவின் ரத்தப் பரிசோதனைத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உடனே டாக்டரிடம் கொடு. ரத்தத்தில் ஈயம் எழுபத்திரண்டு. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். நான் உள்ளேதான் இருந்தேன். வெளியே வரத் தைரியமில்லை. முன்கூட்டிச் சொன்னால் வேலை போகும் என்றார்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ் இந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. இது சாக்கு என்று எனக்கே தெரியும். மன்னிப்பாயா?

நந்திதா

திருப்பதி ஆஸ்பத்திரி,
25.6.2024

நந்திதா,

தாளைப் பார்த்த அன்றே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். வலிப்பு நின்றுவிட்டது. பேச்சு திரும்புமா என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் தாளிலிருந்த தேதியைக் காட்டி, “ஏப்ரல்லயே தெரிஞ்சிருக்கு. இத்தினி நாளு இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?” என்று என்னைத் திட்டினார். உன் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு இனி அவளைக் கொண்டுபோகக் கூடாதாம். நாயுடுபேட்டையில் வாடகைக்கு இடம் பார்த்திருக்கிறோம். ஊரில் இன்னும் முப்பத்தொரு பிள்ளைகள் அதே மண்ணில் விளையாடுகிறார்கள். அவர்களுடைய தாள்களையும் எடுத்துக்கொண்டு, நீயே வீடு வீடாகப் போய்க் கொடு. ஒவ்வொரு அம்மாவிடமும் உன் வாயாலேயே சொல். அதைச் செய்தாய் என்று யாராவது வந்து சொன்னால் போதும்.

எனக்குப் பதில் எழுதாதே.

ரக்ஷிதாவின் அம்மா