கரும்பலகை இருக்கும் பக்கம்

7 ஜூன் 1937, திங்கள்

இன்றும் இங்கிலீசுப் பாடம் பாழ். ஒரே அறை, ஒரே கரும்பலகை, மூன்று விதப் பிள்ளைகள். சிலர் கதைப் புத்தகமே வாசிப்பார்கள். சிலருக்கு எழுத்துத் தெரியும், சொல் வராது. மிச்சப் பேருக்கு ஒன்றுமே தெரியாது, நான் வாயைத் திறந்தால் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொன்னால் தெரிந்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். தெரிந்தவர்களுக்குச் சொன்னால் மற்றவர்கள் தூங்குகிறார்கள். தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

அமிர்தகழியிலிருந்து விடியவே புறப்பட்டு, தோணியேறி வவுணதீவுக்கு வருவது இதற்குத்தானா?

8 ஜூன்

பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை மாற்றிப் போடட்டுமா என்று பெரிய வாத்தியார் கதிர்காமத்தம்பியிடம் கேட்டேன். “உங்கட விருப்பம் தங்கச்சி. இன்ஸ்பெக்டர் அடுத்த மாசம் வாறார், அத மட்டும் மறந்திராதீங்க,” என்றார்.

மறப்பேனா? இங்கிலீசில் கேட்டுப் பார்த்து, ஒரு பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு இலவசமாக எடுக்கப்போகிறாராம். அது சீதேவிப்பிள்ளைதான், வேறு யார்? அவள் தாய் ஆச்சிப்பிள்ளை பட்டணத்தில் ஒரு பறங்கியர் வீட்டில் சமைத்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு இருந்து இவள் படித்துவிட்டாள். தாய் இப்போது ஊரில் நெல்லுக் குத்துகிறாள். மகள் என்னைவிடச் சுத்தமாக வாசிக்கிறாள். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

14 ஜூன், திங்கள்

பலித்தது! வாசிக்கத் தெரிந்தவர்கள் முன் வாங்கு, தாங்களே வசனம் எழுதவேண்டும். நடு வாங்கில் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசிக்கவேண்டும். பின் வாங்குக்குப் புத்தகமே கிடையாது. கயிறு, நெற்கதிர், மீன் எல்லாம் கையில் கொடுத்துப் பேர் சொல்லச் சொன்னேன். மீன் நாறியது. நாறட்டும்.

பாடம் முடிகிற நேரம் முன் வாங்குப் பிள்ளைகள் பின்னுக்குப் போய்க் கேள்வி கேட்பார்கள், பின் வாங்கு எழும்பி நின்று பதில் சொல்லும். யோகராசாவிடம் சீதேவிப்பிள்ளை போனாள். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் சாமித்தம்பியின் தங்கை மகன் அவன். தை மாதத்திலிருந்து என் பாடத்தில் வாயே திறக்காதவன். அவள் மீனைத் தூக்கிக் காட்டினாள். எழும்பி, “பிஷ்” என்றான். பிறகு தானாகவே, “பிக் பிஷ்.” வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

16 ஜூன்

வண்ணக்கர் வந்தார். உள்ளே வரவில்லை. பூவரசின் கீழ் குடையோடு நின்று ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

“ரீச்சர், உங்கட படிப்பில நான் குறை சொல்லல்ல. ஆனா எனக்குப் பிறகு கோயில் இவன்ட கைக்குத்தான் வரும். இவனக் கடைசியில இருத்தி, அந்தப் புள்ள கேக்க இவன் எழும்பி நிண்டு பதில் சொல்லுறதெண்டா, ஊர் என்ன கதைக்கும்?”

“அது படிப்புக்காகப் போட்ட இடம், ஐயா.”

“இடமெண்டா இடந்தான். முறையா இருத்துங்க. இல்லாட்டி எங்கட ஆக்கள் ஒருத்தரும் புள்ளைகள விடமாட்டாங்க.”

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க என்மேல்தான் கோபம் வருகிறது. கோயிலில் நானும் பார்த்தே வளர்ந்தவள். தாய்வழியாக ஒவ்வொருவருக்கும் ஒரு குடி, குடிக்கு ஒரு வரிசை. சபையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பிரசாதம் கொடுப்பார்கள். ஆச்சிப்பிள்ளையின் குடியைக் கூப்பிடுவதே இல்லை, அவர்கள் கடைசியில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். என் மூன்று வாங்கும் இவர்கள் கண்ணுக்கு அந்த வரிசையாகத் தெரியும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

21 ஜூன், திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ஒரு பிள்ளையையும் எழுப்பவில்லை. கரும்பலகையைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டி, எல்லோரையும் மற்றப் பக்கம் திரும்பி இருக்கச் சொன்னேன். பின் வாங்கு இப்போது முன் வாங்கு! எழுத்துத் தெரியாதவர்கள் எனக்குக் கிட்டே இருப்பது படிப்புக்கும் நல்லது. எழும்பி நின்று பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். வண்ணக்கர் சன்னலால் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தோணியில் வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். நான் லேசுப்பட்டவளா?

22 ஜூன்

சீதேவிப்பிள்ளை வரவில்லை.

25 ஜூன், வெள்ளி

இன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போனேன். ஆச்சிப்பிள்ளை முற்றத்தில் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக்குக் காய்ச்சலா?”

“இல்ல ரீச்சர். நல்லாத்தான் இரிக்கா. போன கிழம முழுக்க, ‘நான் முன்னுக்கும்மா, நான் முன்னுக்கும்மா’ எண்டு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ. மறுகா திங்கக்கிழம வந்து பின்னுக்கெண்டா.”

“அவள் இடம் மாறவில்லை, பலகைதான் மாறினது.”

“ஓம். எங்களுக்காக ஆரு பலகைய மாத்துவாங்க?” உலக்கை நிற்கவில்லை. “பின்னுக்கு நிக்க எங்களுக்குக் கோயில் இரிக்கி ரீச்சர். அதுக்குப் பள்ளிக்கூடமும் வேணுமா?”

சீதேவிப்பிள்ளை வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? அறிவு இருக்குதா எனக்கு? ஒருத்தன்ட மானத்தைக் காப்பாத்த இன்னொருத்திர மானத்தை எடுத்துக் குடுத்திட்டு, தோணிக்குள்ள இருந்து சிரிச்சனே!

5 ஜூலை

இரண்டு தரம் ஆளனுப்பினேன், சீதேவிப்பிள்ளை வரவில்லை. யோகராசா இப்போது முழு வசனம் சொல்கிறான். எனக்குச் சந்தோஷமாயில்லை. அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்?

12 ஜூலை, திங்கள்

இன்ஸ்பெக்டர் வந்தார். வண்ணக்கரும் ஊர்ப் பெரியவர்களும் இளநீரோடு வந்து கதிரைகளில் இருந்தார்கள். அறை ஒழுங்கு நன்று என்று இன்ஸ்பெக்டர் என்னைப் புகழ்ந்தார். தலை நிமிரவில்லை எனக்கு.

யோகராசா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். வண்ணக்கர் மீசையைத் தடவிக்கொண்டார். “யார் உனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லித் தந்தது?” என்று இன்ஸ்பெக்டர் இங்கிலீசில் கேட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே.

யாரும் சொல்லாமலே அவன் எழும்பி நின்றான். “சீதேவிப்பிள்ளை, சேர். ஷீ ஆஸ்க், ஐ ஸ்டாண்ட்.”

பிழையான இங்கிலீசு. நான் திருத்தவில்லை. வண்ணக்கருக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் அந்தப் பேர் விளங்கியது. மற்றப் பெரியவர்களுக்கும் விளங்கியது. வண்ணக்கர் இளநீரை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

யார் அந்தப் பிள்ளை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். மாதக் கடைசியில் பட்டணத்தில் தான் வேலை பார்க்கும் கந்தோருக்கு அவளைக் கூட்டி வரச் சொன்னார்.

14 ஜூலை

காலையில் ஆச்சிப்பிள்ளை மகளோடு வாசலில் நின்றாள். இருவருக்கும் தலை வாரிப் பூ வைத்திருந்தது.

“சபையில என்ட மகள்ர பேரச் சொன்னானாமே, வண்ணக்கர்ர மருமகன்? எழும்பி நிண்டா சொன்னவன்?”

“ஓம். எல்லோருக்கும் முன்னால்.”

“எங்கட ஆக்கள்ர பேர ஒரு சபையிலயும் ஆரும் சொன்னதில்ல ரீச்சர்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீதேவிப்பிள்ளை பின் வாங்கில் போய் இருந்து புத்தகத்தை விரித்தாள். வாசிக்கவில்லை. பலகைக்குக் கிட்டே இருந்த வாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோகராசா எங்க ரீச்சர்?”

வண்ணக்கர் அவனை நேற்றும் விடவில்லை, இன்றும் விடவில்லை. நான் பாடத்தைத் தொடங்கினேன்.