‘குடிபோதையில் தவழ்ந்தார்’ என்னும் வாசகத்தை நீக்கக் கோரி

அனுப்புநர்:
இஷ்பெல் இம்ரி,
9, ஷோர் ஸ்ட்ரீட்,
கேர்ன்ஹேவன், ஸ்காட்லாந்து.

பெறுநர்:
தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
நகர மன்றம், கேர்ன்ஹேவன்.

பொருள்: நகரப் பொது கோல்ஃப் மைதானம் – 13.6.2019 அன்று என் கணவர் லாக்லன் இம்ரி ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டது – காவலர் அறிக்கையில் உள்ள பொய்யான வாசகத்தை நீக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. மைதானக் காவலரின் அறிக்கை, நாள் 13.6.2019.
2. ஓராண்டுத் தடைக் கடிதம், நாள் 20.6.2019.
3. மேல்முறையீட்டுக் குழுவின் முடிவு, நாள் 9.7.2019.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் மேற்கண்ட முகவரியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர், வயது 67, தங்கள் மன்றத்தின் ஊழியராக இருந்தவர். மைதானத்தின் பதினெட்டுக் குழிகளைச் சுற்றியுள்ள புல்தரைகள் அனைத்தையும் இருபத்து நான்கு ஆண்டுகள் வெட்டிப் பராமரித்தவர். மைதானம் மிக நன்றாக வைக்கப்பட்டிருப்பதாகத் தங்கள் ஆண்டறிக்கை தவறாமல் பெருமைப்படுகிறது. அது உண்மை. இன்றும் நன்றாகவே இருக்கிறது. என் புகார் புல்லைப் பற்றியது அன்று.

2. சென்ற ஆண்டு பிப்ரவரியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து, தடி ஊன்றி நடக்கிறார். பேச்சு குழறும். சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், வாய்க்கு வந்து சேராது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே இடது கைக்காரர் ஆடும் மட்டை ஒன்று வேண்டுமென்று சைகையில் கேட்டார். வாங்கித் தந்தேன். ஓராண்டுக்கு மேல், மழையென்றும் பாராமல், கொல்லையில் ஒற்றைக் கையால் பந்தடித்துப் பழகினார். என் உருளைக்கிழங்குப் பாத்தி போயிற்று. பக்கத்து வீட்டுக் கண்ணாடிச் செடிக்கூடத்தில் இரண்டு கண்ணாடிகள் உடைந்தன. அந்த வீட்டார்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

3. ஜூன் 13, வியாழக்கிழமை, நோய்க்குப் பிறகு முதன்முறையாக முழு ஆட்டம் ஆடிப் பார்ப்பது என்று இருவரும் கிளம்பினோம். கூட்டம் சேருமுன் போய்விட வேண்டுமென்று காலை ஏழு மணிக்கே முதல் குழிக்கான இடத்தில் நின்றோம். கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்திருந்ததால் கொடி தெரியவில்லை. அவருக்குத் தெரியத் தேவையும் இல்லை. முதல் அடி எண்பது கஜம் போயிருக்கும், நேராகப் போயிற்று. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மனுவில் எழுத இயலாது. ஆறாவது குழியில் ஓடையைத் தாண்டி அடித்தார். இரண்டு கையும் நன்றாயிருக்கும் எனக்கு அங்கே இரண்டு பந்துகள் தண்ணீரில் போயின. ஒன்பதாவது குழியில் பதினைந்து அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டி உள்ளே விட்டார். எங்களைவிட வேகமாக ஆடியவர்கள் பின்னால் வந்தபோதெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டோம். அப்படி மூன்று குழுக்கள் எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் யாரையும் காக்கவைத்தோம் என்று அறிக்கையிலும் இல்லை.

4. தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். குழியருகே உள்ள புல் கம்பளம்போல் மென்மையானது. அவருடைய தடி ஊன்றிய இடமெல்லாம் சிறு பள்ளம் விழுந்தது. ஒவ்வொரு குழியிலும் ஆடி முடித்ததும் அவர் கீழே மண்டியிட்டு, பையில் எப்போதும் வைத்திருக்கும் இருமுள் கருவியை இடது கையில் பிடித்து, தாம் ஏற்படுத்திய பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கிளறி, தூக்கி, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினார். எழுந்து அடுத்த பள்ளத்துக்குப் போவது சிரமமாதலால் முழங்காலிலேயே நகர்ந்தார். நான் செய்கிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எனக்கு அது ஒழுங்காக வராது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் சரியே.

5. பதினோராவது குழியில் அவர் அவ்வாறு மண்டியிட்டிருந்தபோது, இந்தப் பருவத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மைதானக் காவலர் திரு. பிளேர் ஹட்டன் மின்வண்டியில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. என் கணவரைப் பார்த்து அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: “என்ன பெரியவரே, விடிஞ்சதுமே ஏத்தியாச்சா?”

என் கணவர் பதில் சொல்ல முயன்றார். “நா... வெட்... இந்த...” என்பதற்கு மேல் வரவில்லை. நான் வெட்டி வளர்த்த புல் இது என்று சொல்ல வந்தார் என்பது எனக்குத் தெரியும். திரு. ஹட்டன் என் பக்கம் திரும்பினார். “பாருங்க, நாக்கே பொரளல. கூட்டிட்டுப் போங்கம்மா, நாலு பேரு ஆடுற எடம் இது.”

பக்கவாதம் என்று நான் இரண்டு முறை தெளிவாகச் சொன்னேன். “எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க” என்றார்.

6. அப்போதுதான் பின்னால் வந்து சேர்ந்த வெளியூர்க்காரர் நால்வரில் ஒருவர் முன்னே வந்து, “எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க. அவர் பாட்டுக்கு ஆடி முடிக்கட்டும்” என்று சொன்னார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அறிக்கையில் அவர் பேச்சு இடம்பெறவில்லை.

7. வண்டியில் ஏறச் சொன்னதற்கு என் கணவர் ஏறவில்லை. மைதானத்தின் நடுவே, ஆடுகிறவர்கள் மட்டையை நிறுத்திக்கொண்டு பார்க்க, முக்கால் மைல் தூரம் காலை இழுத்துக்கொண்டு நடந்தார். வண்டி எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தது. புல்வெட்டும் கொட்டகை வாசலில் அவருடைய பழைய சகாக்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். வண்டியைப் பார்த்ததும் இறக்கிவிட்டார்.

8. ஒரு வாரத்தில் தடைக் கடிதம் வந்தது. “குடிபோதையில் புல்தரையில் தவழ்ந்தார், கூரிய கருவியால் தரையைச் சேதப்படுத்தினார்” என்னும் காவலர் அறிக்கையின் வாசகமே காரணம். மேல்முறையீடு செய்தேன். குழுத் தலைவர் என் கணவரையே பேசச் சொன்னார். அவர் எழுந்து நின்று ஒரு வாக்கியத்தை இழுத்துக் கொண்டுவந்துகொண்டிருந்தபோது தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, “பரவால்ல, உக்காருங்க. எழுதிக் குடுத்துடுங்க” என்றார். எழுதும் கைதான் போய்விட்டது என்பது அவர் முன்னால் இருந்த கோப்பிலேயே இருந்தது. மருத்துவரின் சான்றிதழைக் கொடுத்தோம். நோய்க்கு அது சான்று, அன்று அவர் குடிக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது என்று பதில் வந்தது. இறுதியில் அறிக்கையில் ‘குடிபோதையில்’ என்பது ‘குடிபோதையில் இருந்ததுபோல்’ என்று திருத்தப்பட்டது. கருணை அடிப்படையில் தடை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்குப் பாதித் தண்டனை போதும் என்று முடிவு செய்த கணக்கு எனக்கு விளங்கவில்லை.

9. ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. என் கணவர் ஒரு காலத்தில் குடித்தவர், நிறையவே குடித்தவர். ஊருக்கே தெரியும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, யாரும் சொல்லாமல், தாமாகவே நிறுத்தினார். அதன்பின் ஒரு துளி தொட்டதில்லை. இதனாலேயே அந்தச் சொல் இந்த ஊரில் வேறு எவர்மீதும் ஒட்டாத அளவுக்கு அவர்மீது ஒட்டிக்கொண்டது. ரொட்டிக் கடையில் நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. அபர்டீனில் இருக்கும் எங்கள் மகள் கிர்ஸ்டி தொலைபேசியில், “அம்மா, மறைக்காம சொல்லு. அப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?” என்று கேட்டாள். தொலைபேசியின் சத்தம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி வரை கேட்டது.

10. இதற்கு மேல் எழுதுவது தங்கள் மன்றத்தின் மீதான புகாரில் சேராது. ஆயினும் எழுதுகிறேன். குழுவின் முடிவு வந்த மறுநாள் காலை, பாத்திரம் கழுவும்போது, அவர் தேநீர் குடித்து வைத்த கோப்பையை நான் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. அன்று மைதானத்தில் அவர் பக்கத்திலேயே இருந்தவள் நான். நாற்பது ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவள் நான். கோப்பையில் தேநீர் வாசம் மட்டுமே இருந்தது. திரும்பியபோது அவர் கதவருகே நின்றிருந்தார். “நீயுமா” என்றார். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குத் தடையின்றி வந்துவிட்டதாகவே எனக்கு இன்றும் தோன்றுகிறது. அதற்குப் பின் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. அவர் கொல்லைக்குப் போகவில்லை. என்னோடு பேசவும் முயலவில்லை. திரு. ஹட்டன் செய்ததற்கு அவர் பொறுப்பு. இதற்கு நான் பொறுப்பு. ஆனால் அந்தச் சொல்லை என் சமையலறை வரை அனுப்பிவைத்தது தங்கள் அலுவலகத்தின் முத்திரை.

11. ஆகவே நான் வேண்டுவன: தடையை நீக்குவதோ குறைப்பதோ தங்கள் விருப்பம், அதற்காக இனி ஒரு மனு எழுத மாட்டேன். அறிக்கையிலிருந்து ‘குடிபோதை’ என்ற சொல்லும், ‘தவழ்ந்தார்’ என்ற சொல்லும், ‘இருந்ததுபோல்’ என்ற ஒட்டும் முழுவதுமாக நீக்கப்பட வேண்டும். அன்று புல்தரையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த இடத்தில் எழுதப்பட வேண்டும். அந்தப் பதினொரு புல்தரைகளையும் தங்கள் தலைமைப் பராமரிப்பாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும், ஒரு பள்ளமாவது இருக்கிறதா என்று.

12. நீக்கியதற்கான கடிதத்தை அருள்கூர்ந்து எனக்கு அனுப்ப வேண்டாம். ‘திரு. லாக்லன் இம்ரி’ என்று அவர் பெயருக்கே அனுப்புங்கள். நான் படித்துக் காட்டினால் அவர் நம்பும் நிலையில் இல்லை. உறையை இடது கையால் அவரே பிரித்துக்கொள்வார். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் அதைத் தொட மாட்டேன்.

இடம்: கேர்ன்ஹேவன்
நாள்: 22.7.2019

தங்கள் பதிலை எதிர்பார்த்து ஒப்பமிடுபவர்,
(ஒப்பம்)
இஷ்பெல் இம்ரி